இடப்பக்கக் குறை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் தையல் மெஷினுக்குப் புது மோட்டார் மாட்டியாயிற்றா?

ஒரு வேலை சொல்கிறேன், மறுக்காமல் செய். உன் முன்னறையில் இருக்கும் என் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிடு. ஸ்பீக்கர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது ஆம்ப்ளிஃபயர் மட்டும் போகட்டும். வாங்க வருகிறவரிடம் இப்படிச் சொல்: ஏழு சேனல், ஒவ்வொன்றுக்கும் தனிச் சர்க்யூட், எடை முப்பத்தோரு கிலோ, வாங்கி ஆறு வருடம், ஈரம் பட்டதில்லை, அட்டைப்பெட்டியும் ரிமோட்டும் பில்லும் அப்படியே இருக்கின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இடப்பக்கத்து மூன்று சேனலிலும் சத்தம் கம்மி. கம்பளி போர்த்தியது போல மந்தமாக வருகிறது. அதனால் பாதி விலைக்குக் கொடு. குறையை மறைத்து விற்றால் அதற்குப் பெயர் திருட்டு, அந்தப் பழக்கம் நம் வீட்டில் கிடையாது. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, போட்டுக் காட்டி, இதுதான் கோளாறு என்று சொன்ன பிறகே விலை பேசு.

அந்தப் பழைய ரிப்பேர்க்காரரை மட்டும் வீட்டுக்குள் விடாதே. மரியாதை தெரியாத ஆள். மே மாதத்துக்குள் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட்டால் நல்லது. ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். இன்னும் இரண்டு வருடம் நான் இந்த ஜெனரேட்டர் கூடத்தில்தான்.

போன் செய்யாதே. இங்கே லைன் சரியில்லை. சரக்கு வண்டி பதினைந்து நாளுக்கு ஒரு முறை தபால் கொண்டுவருகிறது, அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

ஜனவரி 27

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போது வலிப்பதில்லையாம். மோட்டார் மாட்டியாயிற்று. சாப்பாடு எப்படி? இளைத்துப்போய் வந்து நின்றால் தெரியும் சேதி.

நீ விற்கச் சொன்னதைப் படித்துக் காட்டியதும் மாமா கைதட்டினார். “வீட்டோட மாப்பிள்ளை ஒரு வழியா கிளம்பறாரா?” என்றார். ஆறு வருடமாக அதற்கு அப்படித்தான் பெயர். வேலை வெட்டி இல்லாமல் முன்னறை நடுவில் உட்கார்ந்துகொண்டு, தினமும் துடைத்து வைக்கச் சொன்னால் வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தப் பெட்டிக்காக நீ படுத்திய பாடு கொஞ்சமா? இடப்பக்கம் மந்தமாக இருக்கிறது என்று ஒயரை மாற்றினாய். வலப்பக்க ஸ்பீக்கரை இடப்பக்கம் வைத்துப் பார்த்தாய். பிறகு இடப்பக்கத்துக்கு மூன்று புது ஸ்பீக்கர் வாங்கினாய். அதற்கும் சரியாகவில்லை என்றதும் என் ஜன்னல் திரை சத்தத்தைக் குடிக்கிறது என்றாய். ஊருக்கெல்லாம் திரை தைத்துக் கொடுக்கிறவள் வீட்டு ஜன்னல் மொட்டையாக நிற்கிறது, பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். பீரோவை வேறு நகர்த்தினாய், மாமாவின் முழங்கால் போனதே அன்றைக்குத்தான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று அப்போதே சொல்ல நினைத்தேன், உன் மூஞ்சியைப் பார்த்து விட்டுவிட்டேன்.

இவ்வளவு உயிராக வைத்திருந்ததை ஏன் இப்போது தள்ளிவிடப் பார்க்கிறாய்? பணமுடையா? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தைப் பற்றி எழுது. பணமுடை எதுவும் இல்லை.

சோதித்துக் காட்டும் முறையை எழுதுகிறேன். ரிமோட்டில் நீலப் பொத்தானை மூன்று விநாடி அழுத்து. ‘ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம் முன்பக்கம் இடது ஸ்பீக்கரில் ஆரம்பித்து, நடு, வலது என்று அறையை ஒரு சுற்று சுற்றி வரும். நடு நாற்காலியில் தலையைத் திருப்பாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். வலப்பக்கம் மழை பெய்வது மாதிரி இருக்கும். இடப்பக்கம் போனதும் அமுங்கிவிடும். யாருக்கும் தெரியும்.

போன் செய்யாதே என்று ஏன் சொன்னேன் என்றால், இங்கே ஆபீஸ் சுவரில் ஒன்று மாட்டியிருக்கிறது. வலது கையில் பேனா பிடித்துக் குறிப்பு எழுதவேண்டி இருப்பதால் இடது கையில்தான் ரிசீவரை எடுக்க முடியும். எடுத்தால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறது. மட்டமான லைன்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் ஜூன் கடைசியில் உடல் பரிசோதனை உண்டு. ரத்தம், கண், காது எல்லாம் பார்ப்பார்கள். வெறும் சம்பிரதாயம். அது முடிந்தால் இன்னும் இரண்டு வருடம், பிறகு ஓய்வுத் தொகை முழுதாகக் கையில் வரும். அதற்கப்புறம் உன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன். இதற்காகத்தான் பதினெட்டு வருடமாக இந்த எஞ்சின்களோடு மாரடிக்கிறேன்.

யாராவது வந்து பார்த்தார்களா?

உன் தம்பி

*

மார்ச் 6

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே நலம். போன வாரம் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

ஏன் விற்கிறாய் என்ற கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இருக்கட்டும், வியாபாரத்தைச் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “கனம் நல்லா இருக்கு” என்றார். வாங்கி வைத்து அதைத்தான் தூக்கப்போகிறார் போலிருக்கிறது என்று நானே அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக ஒரு வங்கிக் காசாளர், மனைவியோடு வந்தார். நீ சொன்னபடி நாற்காலியில் உட்காரவைத்து நீலப் பொத்தானை அழுத்தினேன். சத்தம் ஒரு சுற்று வந்தது. அவர் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“குறைன்னு சொன்னீங்களே, எங்க?”

“இடப்பக்கம் மந்தமா இல்லையா?”

“இல்லையே.”

மனைவியை உட்காரவைத்தார். அந்த அம்மாவும் இல்லை என்றார். நானும் உட்கார்ந்தேன். தம்பி, ஏழும் ஒரே மாதிரிதான் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை, நீ உட்கார விட்டதும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், காசாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லி யாராவது பாதி விலைக்குக் கொடுப்பார்களா? பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, இது யாரோடது?” என்று கேட்டார். உன்னால் எனக்குத் திருட்டுப் பட்டம் கிடைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கோபப்படாதே.

அக்கா

*

மார்ச் 20

அக்காவுக்கு,

நலம்.

ரிப்பேர்க்காரரைக் கூப்பிடாதே. காசாளருக்கு நோட்டு எண்ணத் தெரியும், சத்தம் கேட்கத் தெரியாது. உனக்கும் பழக்கம் இல்லை. இடப்பக்கம் குறை இருக்கிறது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிடு. உடற்பயிற்சிக்காரருக்கே கொடு. கால் விலை தந்தாலும் சரி. எனக்கு அது அந்த அறையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு,

நாங்கள் நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி.

ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வந்தார். வாசலிலேயே நின்று, “அவர் வீட்ல இல்லையே?” என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைத்தார். ஒரு மீட்டரை ஒவ்வொரு ஸ்பீக்கர் முன்னாலும் பிடித்து, ஏழு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். ஏழும் ஒன்றுதான். சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் அவர் மரியாதை இல்லாமல் பேசினார், அவர் காதில் பஞ்சு அடைத்திருக்கிறது என்று நீ எங்களிடம் சொன்னாய். உண்மையில் அன்றைக்கு என்ன பேசினார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நான் ஒண்ணும் தப்பாப் பேசலைம்மா. சார், பெட்டி நல்லா இருக்கு, நீங்க ஒருக்கா காதைக் காட்டிடுங்கன்னு சொன்னேன். என் பையைத் தூக்கி வெளிய வச்சிட்டார். அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

அவர் போன பிறகு நான் தைக்க உட்கார்ந்தேன், தையல் ஓடவில்லை. ஒயரை மாற்றினாய், ஸ்பீக்கரை மாற்றினாய், திரையைக் கழற்றினாய், பீரோவை நகர்த்தினாய். எதை எங்கே மாற்றினாலும் குறை உன் இடப்பக்கத்திலேயே நின்றது. நாற்காலியில் இருந்த ஆளை மட்டும் நீ சோதிக்கவில்லை. இத்தனை பெரிய மெக்கானிக், கோளாறை ஒவ்வொன்றாகக் கழித்துக் கண்டுபிடிக்கிறவன், கடைசி ஒன்றைக் கழிக்காமல் விட்டுவிட்டாய்.

ஒன்று செய். அடுத்த முறை போன் அடித்தால் வலது காதில் வைத்துப் பார். லைன் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

போன விடுமுறையில் நான் அடுப்படியிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டேன், நீ திரும்பவே இல்லை. சம்பாதிக்கிற திமிர், அக்காவை மதிக்க மாட்டேன் என்கிறான் என்று மாமாவிடம் அழுதேன். நீ ஊருக்குப் போகும்போது வாசல் வரைக்கும்கூட வராமல் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. நான் உன் இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டேனா, வலது பக்கத்திலிருந்தா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லையே.

டாக்டரிடம் போ. உடனே போ.

அக்கா

*

மே 5

தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சரக்கு வண்டி இதற்குள் ஒரு நடையாவது வந்திருக்கும்.

ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர்க்காரரே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பாதி விலைக்கு அல்ல, நல்ல பொருளுக்கு என்ன விலையோ அந்த விலைக்கு. முன்பணத்தோடு வந்தார். நான் வாங்கவில்லை. நீ காதைக் காட்டி, டாக்டர் சொன்னதை உன் கையால் எழுதி அனுப்புகிற வரைக்கும் பெட்டி இந்த அறையை விட்டு நகராது. நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

மாமா உன்னை ரொம்பவும் கேட்டார்.

அக்கா

*

மே 19

அக்காவுக்கு,

நீங்கள் நலம் என்று அறிந்தேன்.

பெட்டி என்னுடையது. விற்கச் சொன்னேன், விற்றுவிடு. மற்றதில் தலையிட வேண்டாம்.

நீ நினைப்பது போல இது எளிதில்லை. பரிசோதனையில் காது தோற்றால் ஜெனரேட்டர் கூடத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டு வருடமும் போகும், தொகையில் பெரும்பங்கும் போகும். உன் தெருவில் வீடு எதை வைத்துப் பார்ப்பது?

ஏற்பாடு செய்துவிட்டேன். காதில் ஹெட்போன் மாட்டி, ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மருந்தகத்துக் கிளார்க் நிற்பான். எனக்கு வேண்டியவன். சத்தம் வரும்போதெல்லாம் பென்சிலை உயர்த்துவான். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் தேறுகிறார்கள். போன தடவை நானும் அப்படித்தான் தேறினேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

தம்பி

*

ஜூன் 2

டேய் தம்பி,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

முகம் தெரியாத ஒருத்தன் ஏமாந்துவிடக் கூடாது என்று ஒரு பெட்டியின் குறையைச் சொல்லச் சொல்லி எனக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். மறைத்தால் திருட்டு என்று எனக்கே பாடம் எடுத்தாய். இப்போது பென்சிலைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவேன் என்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இல்லையா இது? டாக்டரை ஏமாற்றலாம். அந்தக் கூடத்தில் முதுகுக்குப் பின்னால் எவனாவது “நகரு” என்று கத்தும்போது யார் உனக்குப் பென்சில் தூக்குவார்கள்?

நான் இங்கே காது டாக்டர் ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். உன் வேலையைச் சொன்னேன். பதினெட்டு வருடம் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ஒண்ணு போயிருந்தா இன்னொண்ணும் கிளம்பியிருக்கும்மா. அதைத் தேய விடாம நிறுத்தலாம், போனதைக் கொண்டுவர முடியாது” என்றார். உன் இரண்டு வருடக் கணக்கில் இது வருகிறதா பார்.

வீடு என்னடா வீடு. முன்னறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது, பீரோவைத்தான் நீயே நகர்த்தி வைத்திருக்கிறாயே. நான் தைக்கிறேன், மாமா டிக்கெட் கிழிக்கிறார், மூன்று பேருக்குப் போதும். வீடு வாங்கிக்கொண்டு எனக்குக் காது கேட்காத தம்பி வர வேண்டாம். கையை வீசிக்கொண்டு வா, வலது காதோடு வா.

இதை எழுதும்போது அழுகிறேன், எழுத்து கலைந்திருந்தால் அதனால்தான். ஆனாலும் பெட்டியைக் கொடுக்க மாட்டேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 8

என் அன்பு அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை கடமைக்கு எழுதவில்லை. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றே போனை வலது காதில் வைத்துப் பார்த்தேன். மறுமுனையில் எங்கள் ஸ்டோர்க்காரர், பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி கேட்டது. லைனில் ஒரு கோளாறும் இல்லை. ரிசீவரை இடது காதுக்கு மாற்றினேன், மறுபடி வலதுக்கு மாற்றினேன். அவர் “ஹலோ, ஹலோ” என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் ரிப்பேர்க்காரர் வந்துபோன மறுநாள், நீயும் மாமாவும் வெளியே போயிருந்தபோது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். மழை மறுபக்கத்துக்குப் போய்விட்டது. உடனே எழுந்து நாற்காலியைப் பழையபடி வைத்துவிட்டேன். அப்போதே தெரியும், அக்கா. அப்புறமும் திரையைக் கழற்றச் சொன்னேன், பீரோவை நகர்த்தச் சொன்னேன். ஒவ்வொரு விடுமுறையிலும் அந்தப் பெட்டி என்னைப் பார்த்து உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அது போய்விட்டால் சொல்ல ஆள் இருக்காது என்றுதான் விற்கச் சொன்னேன். மாமாவின் முழங்காலுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

போன மாதம் இருபத்தாறாம் தேதி பரிசோதனை. ஹெட்போனை மாட்டினார்கள். கிளார்க் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று பென்சிலை எடுத்தான். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். டாக்டர் என்னவென்று கேட்டார். “இடது காது கேக்கலைங்க. ரொம்ப நாளா கேக்கலை. போன தடவை பாத்து அழுத்தினேன்” என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கிளார்க்கின் பெயர் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இடது காது போய்விட்டது. நரம்பு, திரும்பி வராது. வலது காதில் மெல்லிய சத்தங்கள் குறைய ஆரம்பித்திருக்கின்றன. இரைச்சலிலிருந்து விலகினால் இருப்பது இருக்கும் என்கிறார். அன்று மாலையே கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டோரில் ஒரு வேலை தருகிறேன் என்றார்கள், அதுவும் எஞ்சினுக்கு அடுத்த சுவர்தான். வேண்டாம் என்றேன். முழுத் தொகை கிடைக்காது. பதினெட்டு வருடத்தையும் ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டு அறைக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன். அழுது முடித்த பிறகு பசித்தது, போய்ச் சாப்பிட்டேன்.

டாக்டர் எழுதியதை என் கையால் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ கேட்டபடிதான். இனி ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடு. எனக்கு இனி ஏழு சேனல் எதற்கு? ஆனால் முழு விலை வாங்காதே, அவர் எவ்வளவு சொன்னாலும் பாதிதான் வாங்க வேண்டும். பையைத் தூக்கி வாசலில் வைத்ததற்கு மன்னிப்பைக் கடிதத்தில் கேட்க மாட்டேன், வந்து நேரில் கேட்பேன்.

இருபத்திரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். நீ வரும்போது என் வலப்பக்கமாக வந்து நில். இடப்பக்கம் நின்று திட்டினால் வீணாகிவிடும். இந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்து நீ திட்டப்போவதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பிப் போகக் கூடாது, அக்கா.

உன் தம்பி